அழுகை இல்லை, கோபம் மட்டும்தான்: இதுவும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா?

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றாலே கையேடுகளில் ஒரே படம்தான்: ஜன்னலோரம் உட்கார்ந்து அழும் பெண். பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை 'டம்' என்று வைக்கும் பெண்ணின் படத்தை யாரும் போடுவதில்லை. அதனால் "எனக்குச் சோகமே இல்லை, ஆத்திரம்தான் வருகிறது, அப்படியானால் இது அந்த நோய் இல்லை" என்று அவர்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். சுற்றி இருப்பவர்களோ "பிள்ளை பிறந்ததும் குணமே மாறிப்போச்சு" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கோபம் எப்போது நோயின் அறிகுறி, சோதனைத்தாள்கள் ஏன் அதைக் கோட்டைவிடுகின்றன, மருத்துவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று விவரமாக எழுதுங்கள். சொந்த அனுபவங்களுக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

இரவுவிளக்கு

சோதனைத்தாளிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். 1987-இல் வந்தது. 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30, கடந்த 7 நாட்களைப் பற்றி மட்டும் கேட்கும். 13-ஐத் தொட்டால் மேல்பரிசோதனை என்பது பல இடங்களில் வழக்கம். சிலர் 10-ஐயே எல்லையாக வைக்கிறார்கள்.

அந்தப் பத்தில் கோபத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கோபமே பிரதானமாக உள்ள பெண் அதை எப்படி நிரப்புவார் என்று பாருங்கள். சிரிக்க முடிகிறதா? முடிகிறது, 0. சோகமா? இல்லை, 0. அழுகையா? இல்லை, 0. தூக்கக் கேள்வி "மனவருத்தத்தால் தூங்க முடியவில்லையா" என்று கேட்கிறது. அவரோ "குழந்தையால்தான் தூங்கவில்லை, வருத்தத்தால் இல்லை" என்று நேர்மையாக 0 போடுவார். கடைசியில் 7, 8 வரும். "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மொத்தத்தை மட்டும் பார்த்துத் தாளை மூடிவிடாதீர்கள். 3, 4, 5-ஆம் கேள்விகளைத் தனியாகக் கூட்டுங்கள். தேவையில்லாமல் தன்னையே குறை சொல்வது, காரணமில்லாத பதற்றம், திகில் ஆகியவற்றைத் தொடும் கேள்விகள் அவை. கத்திவிட்டுப் பிறகு குற்றவுணர்வில் குமைபவருக்கு மதிப்பெண் ஏறுவது இங்கேதான். 9-க்கு 5, 6 வந்தால் மொத்தம் குறைவாக இருந்தாலும் உட்காரவைத்துப் பேச வேண்டும். 10-ஆவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் என்னவாக இருந்தாலும், அன்றைக்கே பேசியாக வேண்டும்.

மனச்சோர்வை அளக்கும் இன்னொரு தாளான பி.எச்.க்யூ-9-உம் இந்த விஷயத்தில் உதவாது, அதிலும் எரிச்சலுக்கு வரி கிடையாது. இரண்டுக்கும் ஒரே வேர்தான்: பெரியவர்களின் மனச்சோர்வுக்கு டி.எஸ்.எம்-5 (மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்க நூல்) தரும் 9 அறிகுறிகளில் கோபம் இல்லை. சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் மட்டும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலை எண்ணிக்கொள்ளலாம் என்று அதே நூல் சொல்கிறது! 18 வயதானதும் எரிச்சல் எங்கே போய்விடும் என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

ஏழாம்படி

1978-இல் ஸ்னெய்த்தும் சகாக்களும் ஒரு அளவுகோல் செய்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் இவற்றோடு எரிச்சலையும் தனியாக அளந்தார்கள். எரிச்சலையே இரண்டாகப் பிரித்தார்கள்: வெளியே பாய்வது, உள்ளே தன்மீதே பாய்வது. தாள் கையில் இல்லாவிட்டாலும் இந்தப் பிரிப்பு உதவும். வெளியே பாய்வதை வீடே பார்க்கும். உள்ளே பாய்வது, அதாவது தலையில் அடித்துக்கொள்வது, நகத்தால் கையைக் கீறிக்கொள்வது, "நான் ஒரு தாயா" என்று மனதுக்குள் ஓயாமல் திட்டிக்கொள்வது, கேட்டால் ஒழிய வெளியே வராது. இரண்டாவதைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்ப்பேன்.

எப்படி இருக்கும் என்றால்: வேகம் முதல் அடையாளம். வழக்கமான கோபம் ஏறிவர நேரம் எடுக்கும். இது நொடியில் கொதிநிலைக்குப் போகும். தாடை இறுகும், மார்பில் சூடு பரவும், கை எதையாவது பிடித்து நசுக்கத் தேடும். தூண்டுவது பெரும்பாலும் சத்தம், தொடுகை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. பாய்வது அநேகமாகக் கைக்குழந்தைமீது அல்ல. பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கும் ஆள்மீது, மூத்த பிள்ளைமீது, திறக்க மறுக்கும் டப்பாமீது. பிறகு ஒரு சரிவு வரும்: வெட்கம், குற்றவுணர்வு, "இனிமேல் கத்தமாட்டேன்" என்ற சத்தியம். சில மணி நேரத்தில் மறுபடி.

பிரித்தறிய நான் நம்புவது ஒரே கேள்வி: காரணம் நீங்கியதும் கோபம் நீங்குகிறதா? குழந்தை தூங்கிவிட்டது, வேலை முடிந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை, இருந்தும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கிறது என்றால் அது சூழ்நிலைக் கோபம் அல்ல.

கால அளவும் முக்கியம். பிரசவமான இரண்டு மூன்று நாளில் தொடங்கும் 'பேபி ப்ளூஸ்' என்ற லேசான மனத்தடுமாற்றம் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரும். அதிலும் சிடுசிடுப்பு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அடங்கவில்லை, அல்லது அடங்கிய பிறகு திரும்புகிறது என்றால் மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டு மேலே பாருங்கள். அது ஏறக்குறைய ஏழு தாய்மாரில் ஒருவருக்கு வருகிறது.

கணக்குப்பிள்ளை

கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். பச்சைக்குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அத்தனைக்கும் ஒருவர் எழுந்திருக்கிறார், இன்னொருவர் குறட்டை விடுகிறார். அங்கே கோபம் வராவிட்டால்தான் ஏதோ கோளாறு! பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து 2018-இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, மனச்சோர்வுள்ள தாய்மாரின் கோபத்துக்குப் பின்னால் கையறுநிலையும், எதிர்பார்த்த உதவி கிடைக்காத ஏமாற்றமும், 'நல்ல தாய்' என்ற அளவுகோலுக்குத் தன்னால் எட்ட முடியவில்லை என்ற எண்ணமும் இருப்பதைக் காட்டியது. இதற்கெல்லாம் 'நோய்' என்று பெயர் வைத்து மாத்திரை கொடுத்துவிட்டால், குறட்டை விட்டவர் தப்பித்துவிடுகிறார்.

ஏழாம்படி

@கணக்குப்பிள்ளை, நியாயம். ஆனால் 'நியாயமான கோபம்' ஒரு பெட்டி, 'நோய்' இன்னொரு பெட்டி என்று அது பிரிந்து கிடப்பதில்லை. நியாயமான காரணம் உள்ள கோபமும் நோயால் பத்து மடங்கு ஊதிப் பெருகலாம். வேலைப் பங்கீட்டைச் சரிசெய்வது சிகிச்சையின் பகுதிதான், அதற்கு மாற்று அல்ல. நடைமுறையில் முதலில் தூக்கத்தைச் சரிசெய்து, நாலைந்து இரவுக்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது நல்ல வழி. உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அந்த நாலு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பால்கணக்கு

தூக்கத்தைச் சரிசெய்வது என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. "குழந்தை தூங்கும்போது தூங்கு" என்பது வேலைக்கு ஆகாத அறிவுரை. மூளைக்குத் தேவை துண்டு துண்டான 7 மணி நேரம் அல்ல, இடையில் அறுபடாத 4 முதல் 5 மணி நேரம்.

ஒரு மாதிரி அட்டவணை: இரவு 9-க்குப் பாலூட்டல், 9:30-க்குப் படுக்கை, 2:30 வரை யாரும் எழுப்பக் கூடாது. இடையில் வரும் ஒரு வேளைக்குப் பிழிந்து வைத்த பால், முதல் மாதத்தில் சுமார் 60 முதல் 90 மில்லி. பிழிந்த பால் அறை வெப்பத்தில் (25 டிகிரிக்குள்) 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள் தாங்கும். அறை மிகச் சூடாக இருந்தால் குளிர்பெட்டியே நல்லது. பால் சுரப்பு நிலைப்படாத முதல் சில வாரங்களில் 5 மணி நேரம் வேண்டாம், 4 போதும். மார்பு கனத்து விழிப்பு வந்தால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பிழிந்துவிட்டுப் படுக்கலாம்.

இது எங்கே உடைகிறது என்றால், ஒன்று, அதே அறையில் படுப்பது. குழந்தை முனகினாலே தாய்க்கு விழிப்பு வந்துவிடும். வேறு அறை, கதவு சாத்தி, காதில் அடைப்பான். இரண்டு, உதவிக்கு இருப்பவர் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி "பசிக்குதோ?" என்று கேட்பது. அந்த ஐந்து மணி நேரத்துக்கு முடிவெடுப்பவர் அவர்தான் என்பதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். மூன்று, அந்த நேரத்தில் துணி மடிப்பது.

இந்த ஏற்பாடே ஒரு பரிசோதனையாகவும் பயன்படும். அமைதியான அறை, குழந்தை வேறு கையில், ஆனாலும் கண்ணை மூட முடியவில்லை என்றால் அது களைப்பு அல்ல, மனச்சோர்வு அல்லது பதற்றம். தூக்கமே தேவைப்படவில்லை, மூன்று மணி நேரம் படுத்தாலே துள்ளலாக இருக்கிறது என்றால் அது வேறு கதை. மருந்து தெரிந்தவர்கள் எழுதட்டும்.

குருதிச்சொட்டு

மனநலம் என்று முடிவுகட்டுமுன் ரத்தப் பரிசோதனை. தைராய்டை விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு வரும். முதல் கட்டம் சுமார் 1 முதல் 4 மாதத்தில்: சேதமான சுரப்பியிலிருந்து ஹார்மோன் கசியும். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, வேகமாக எடை குறைதல், கூடவே சுள்ளென்ற எரிச்சல். அடுத்த கட்டம் 4 முதல் 8 மாத வாக்கில்: ஹார்மோன் வற்றி மந்தம், குளிர், சோர்வு. முதல் கட்டத்தைக் 'கோபம்' என்றும் இரண்டாவதைச் 'சோகம்' என்றும் எழுதிவிட்டு, கழுத்தைத் தொட்டே பார்க்காமல் விடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100-க்கு மேல் என்றால் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்ற இரண்டு தைராய்டுப் பரிசோதனைகளும் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் சரியாக இருந்தது என்பது நான்காம் மாதத்துக்குச் சான்று ஆகாது, மறுபடி எடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு சிக்கல்: பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டும், அதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுவார்கள். அதிக அளவு பயோட்டின் பல ஆய்வகக் கருவிகளைக் குழப்பி, டி.எஸ்.எச்-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். இல்லாத தைராய்டு நோய் தாளில் வந்து உட்காரும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.

கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டுவது). ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே என்றால் அதற்கே களைப்பும் எரிச்சலும் வரும். ஃபெரிட்டினைப் பிரசவமான உடனே எடுக்காதீர்கள். அழற்சியில் அது ஏறும் என்பதால், இரும்பு குறைந்திருந்தாலும் பொய்யாக நன்றாகத் தெரியும்.

வெள்ளைத்தாள்

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் அளவு பார்க்கச் சொல்லலாமா? ஹார்மோன் வீழ்ச்சிதானே காரணம் என்கிறார்கள்.

குருதிச்சொட்டு

பணம் வீண். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்த இரண்டும் எல்லாத் தாய்மாருக்கும்தான் சரிகின்றன. நோய் வருபவர், வராதவர் என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. வித்தியாசம் அளவில் அல்ல, அந்தச் சரிவுக்கு மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதில். புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருள் மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் பிரேக் போல வேலை செய்கிறது. கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்த அது திடீரென இறங்கும்போது, சிலருக்குப் பிரேக் பிடிக்கச் சுணங்குகிறது.

நூல்கண்டு

பாலூட்டும்போது மட்டும் ஆத்திரம் வருவதாகச் சிலர் சொல்கிறார்களே, அதுவும் இதில் சேருமா?

பால்கணக்கு

எப்போது என்று துல்லியமாகக் கேளுங்கள். பால் இறங்குவதற்குச் சில நொடி முன்பு குப்பென்று வந்து, ஓரிரு நிமிடத்தில் தானாகப் போய்விடுகிறது என்றால் அது டி-மெர் எனப்படும் அனிச்சை. பால் சுரக்க டோபமைன் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தோடு இது சம்பந்தப்பட்டது என்று கருதுகிறார்கள். மனப்பாங்கோடு தொடர்பில்லை, பம்ப்பில் பிழியும்போதும் வரும். "இது இரண்டு நிமிட விஷயம்" என்று தெரிந்தாலே பாதிப் பேருக்குச் சமாளிக்க முடிகிறது. குழந்தை வாய் வைத்ததிலிருந்து எடுக்கும்வரை தொடர்ந்து அருவருப்பும் ஆத்திரமும் என்றால் அது வேறு, பாலூட்டல் வெறுப்பு. முலைக்காம்புக் காயம், தூக்கமின்மை, மறுபடி கர்ப்பம் இவற்றைப் பாருங்கள். பாலூட்டாத நேரத்திலும் கோபம் இருந்தால் மேலே எழுதியவை எல்லாம் பொருந்தும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மருந்துச்சீட்டு

மருந்து பற்றி. சீட்டு எழுதுமுன் இருமுனைக் கோளாறு (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போவது) இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும், குறிப்பாகக் கோபம் முன்னால் நிற்கும் இடத்தில். தூக்கம் குறைந்தும் சோர்வில்லை, எண்ணங்கள் ஓடுகின்றன, பேச்சை நிறுத்த முடியவில்லை, கண்மண் தெரியாத செலவு, ரத்த உறவில் யாருக்காவது இருமுனைக் கோளாறு, முன்பு மனச்சோர்வு மாத்திரை போட்டபோது பதற்றம் கூடியது: இவற்றில் எது இருந்தாலும் மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகத் தொடங்கினால் மேனியா, அதாவது அந்த அதீத உற்சாக நிலை, கிளம்பலாம். மனநல மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். மறுபடி கருத்தரிக்கக் கூடியவர் என்பதால், இருமுனைக் கோளாறுக்குத் தரும் மருந்துகளில் கருவைப் பாதிக்கும் வால்புரோயேட்டைத் தவிர்ப்பார்கள்.

அது இல்லை என்றால், பாலூட்டுபவருக்கு முதலில் கையிலெடுப்பது அநேகமாக செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. 25 அல்லது 50 மி.கி.-இல் தொடங்கி, தேவைக்கேற்ப 200 வரை ஏற்றலாம். பாலில் போகும் அளவு மிகக் குறைவு, அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. முதல் ஒரு வாரம் பதற்றமும் சிடுசிடுப்பும் கொஞ்சம் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "மாத்திரை போட்டுத்தான் மோசமாச்சு" என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரியும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். சரியான பிறகும் 6 மாதமாவது தொடர வேண்டும்.

இன்னொன்று: இரவும் பகலும் குழம்பிக் கிடக்கும் வீட்டில் மாத்திரை மறந்துபோகும். இரண்டு நாள் விட்டாலே தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்தது போன்ற சிலிர்ப்பு, வெடிக்கும் எரிச்சல் வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று அளவை ஏற்றுமுன் மீதி மாத்திரையை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 2023 ஆகஸ்டில் அனுமதித்த சுரனலோன் மாத்திரை, @குருதிச்சொட்டு சொன்ன அந்தக் காபா பிரேக்கிலேயே வேலை செய்கிறது. மாலையில் கொழுப்புள்ள உணவோடு 50 மி.கி., 14 நாள் மட்டும். போட்ட 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. நல்ல மயக்கம் வரும், இரவில் குழந்தையைப் பார்க்க வேறு ஆள் கட்டாயம்.

லேசானது முதல் நடுத்தரம் வரை மருந்தில்லாமலே பேச்சுச் சிகிச்சை போதும். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, உறவுசார் சிகிச்சை இரண்டுக்கும் சான்று உண்டு. @கணக்குப்பிள்ளை சொன்ன வேலைப் பங்கீட்டுச் சண்டைக்கு இரண்டாவது கனகச்சிதம். பொதுவாக 12 முதல் 16 அமர்வு.

இரவுவிளக்கு

ஆபத்து நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. குழந்தையின் அழுகை சுமார் 2 வாரத்தில் கூடத் தொடங்கி, இரண்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் குறையும். தாயின் கோபம் உச்சத்தில் இருக்கக்கூடிய அதே காலம். கை இறுகுகிறது என்று தோன்றிய கணமே: குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவையுங்கள், சுற்றிலும் தலையணை, துணி எதுவும் வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். 5 முதல் 10 நிமிடம். பிறகு போய்ப் பாருங்கள். இன்னும் இறுக்கம் இருந்தால் மறுபடி வெளியே. பத்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சில நொடி உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும், பார்வை போகும், உயிரே போகலாம். இந்தத் திட்டத்தைக் கோபம் இல்லாத நேரத்தில் வாய்விட்டுப் பேசிவைக்க வேண்டும், கொதிக்கும்போது யோசிக்க வராது.

இன்னொரு குழப்பம். "குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ" என்று வேண்டாத காட்சி மனதில் வந்து, வந்ததற்கே பயந்து நடுங்கினால் அது பெரும்பாலும் பதற்றம் சார்ந்த எண்ணச்சுழல். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே அந்தப் பயமே சுவராக நிற்கிறது. அதற்காகக் குழந்தையைப் பிரிப்பது தவறு. மாறாக, அந்த எண்ணம் சரி என்றே தோன்றுகிறது, குழந்தைக்குள் வேறேதோ இருக்கிறது என்கிறார், யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது, இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை, பேச்சு கோர்வையாக இல்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். அது அவசர சிகிச்சை, அதே மணி நேரத்தில். தாயையும் குழந்தையையும் தனியாக விடவே கூடாது.

தாழ்வாரம்

நன்றி. மருத்துவரிடம் சொல்வது எப்படி? "கோபம் வருது" என்றால் "எல்லாருக்கும் வரும்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஏழாம்படி

பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு எண்ணிக்கையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வாரம் கைப்பேசியில் நாலு விஷயம் மட்டும் குறித்தால் போதும்: மணி என்ன, அதற்குமுன் எத்தனை மணி நேரத் தூக்கம், கை என்ன செய்தது, அடங்க எவ்வளவு நேரம். "இந்த வாரம் 11 தடவை, அதில் 3 தடவை பொருளை எறிந்தேன், ஒருமுறை சுவரில் குத்தினேன், அடங்க முக்கால் மணி நேரம், இதற்குமுன் நான் இப்படி இல்லை" என்று சொன்னால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கடைசித் துண்டு முக்கியம். மருத்துவர் தேடுவது கோபத்தை அல்ல, மாற்றத்தை.

"சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ" என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. அதனால் கேட்பவர் முதலில் சொல்லட்டும்: "கோபம் இந்த நோயில் அடிக்கடி வருவதுதான். சிகிச்சை தருவதற்காகக் கேட்கிறேன்."

கணக்குப்பிள்ளை

வீட்டில் கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். வெடிக்கும்போது "அமைதியா இரு", "இப்ப என்ன ஆச்சு" இரண்டும் எண்ணெய். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள், டி.வி.யை அணையுங்கள், மூத்த பிள்ளையை வேறு அறைக்குக் கூட்டிப்போங்கள், நியாயம் பேசாதீர்கள். அரைமணி கழித்துப் பேசலாம். "நான் என்ன செய்யணும் சொல்லு" என்பதும் உதவி அல்ல, பட்டியல் போடும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டுவது. இரவு 9 முதல் 2:30 என்னுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளையிடம் தாய் பிறகு சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: "நான் கத்தினது உன்னால இல்ல." "நீ அப்படிப் பண்ணதாலதான்" என்று ஒட்டுப்போட்டால் அந்த வரி செத்துவிடும்.

தகப்பன்மாரிலும் பத்தில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது, அவர்களுக்கும் அது பல நேரம் கோபமாகவே வெளிப்படும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் கொதித்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் சோதனைத்தாள் கொடுங்கள்.

நூல்கண்டு

குழந்தைக்கு 9 மாதம் ஆன பிறகு கோபம் தொடங்கினால் அதைப் பிரசவத்தோடு சேர்க்கலாமா? 4 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று படித்தேன்.

மருந்துச்சீட்டு

4 வாரம் என்பது டி.எஸ்.எம்-5 பெயர் வைப்பதற்குப் போட்ட கோடு. நடைமுறையில் முதல் ஓராண்டு முழுவதையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறோம். 9-ஆம் மாதத்தில் தொடங்கினால் மூன்று விஷயம் கேளுங்கள்: பாலூட்டலைச் சமீபத்தில் நிறுத்தினாரா அல்லது சட்டென்று குறைத்தாரா, மாதவிலக்கு திரும்பிய பிறகு அதற்கு முந்தைய வாரத்தில் மட்டும் கூடுகிறதா, புதிதாக ஹார்மோன் கருத்தடை தொடங்கினாரா. மாத்திரை என்றால் மாற்றிப் பார்ப்பது சுலபம். மூன்று மாத ஊசி போட்டிருந்தால் உடனே வெளியே எடுக்க முடியாது, அதனால் ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவருக்கு ஊசியை முதல் தேர்வாக வைக்க நான் தயங்குவேன். தைராய்டின் இரண்டாம் கட்டம் நீடிப்பதும் இந்த நேரத்தில்தான், டி.எஸ்.எச்-ஐ மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பயோட்டின் போடுகிறாரா என்று கேட்டுவிட்டு.